முதல் பத்து நாள்

மான் நேர்கோட்டில் நடக்காது. அதற்குப் புல் வேண்டும், நிழல் வேண்டும், நாலடிக்கு ஒருதரம் நின்று காதைத் திருப்பிச் சந்தேகப்பட வேண்டும். வழி தெரியாத ஊரில் விலாசம் தேடுகிறவர் மாதிரிதான் அதன் தடம் வரைபடத்தில் விழும். ஆனால் அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குத் திரையில் இருந்த சிவப்புக் கோடு, அளவுகோல் வைத்துக் கிழித்தது போல இருந்தது.

பட்டைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கோடு நேராகத்தான் இருந்தது. கண்ணாடியின் மேல் பழிபோட முடியாததில் அவருக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

காட்டு மான்களை வலையில் பிடித்து, இருக்குமிடத்தை மணிக்கொரு தரம் சொல்லும் கழுத்துப்பட்டையை மாட்டிவிடுவது அவர் வேலை. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குறைந்தால் இறுக்கும், கூடினால் மேயும்போது கால் மாட்டும். பன்னிரண்டு மானிலும் அவர் விரல் தப்பியதில்லை. பதினோரு வருடம் படித்ததற்கு அந்தத் திருப்தியும், அலுவலகத்தார் வைத்த அந்தப் பெயரும்தான் மிச்சம்.

அவர் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை, பெயர் சொல்லாத ஒரு புண்ணியவான் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். 'பட்டை மாட்டிய முதல் பத்து நாள் தகவலை நீக்கியது ஏன்? காட்டவும்.' ஏன் என்றால், எல்லாரும் நீக்குவார்கள். பிடிபட்ட மான் பத்து நாளைக்கு மானாக இருக்காது. மேயாது, கூட்டத்தோடு சேராது, புதருக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பதினோராம் நாள்தான் அதன் சுபாவம் திரும்பும். அதனால் அந்தப் பத்து நாளைத் திறந்துகூடப் பார்க்காமல் வெட்டி எறிவதுதான் வழக்கம். அதைத்தான் இப்போது, வாய்க்குள் புண்ணியவானைத் திட்டியபடி, முதல்முறையாகத் திறந்திருந்தார்.

போன வருடம் பட்டை மாட்டிய ஆறு மான்கள். ஆறு கோடு. ஆறும் காட்டை விட்டு நேராகக் கிளம்பி, ஊர் விளிம்பில் ஒரு கூரையில் போய் முடிந்தன. பெரிதாக்கிப் பார்த்தார். கூரை மேல் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. மூடி காற்றில் பறந்து ஒரு வருடமாகிறது. 'நாளைக்கு வாங்குகிறேன்' என்று மனைவியிடம் சொல்லியும் ஒரு வருடமாகிறது.

அவர் வீடு.

பட்டைகளைப் பதிவு செய்தபோது வீட்டு விலாசத்தைக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்தக் குளறுபடியாகத்தான் இருக்கும். பட்டை விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டார். கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பையன் குரல் வந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"எதை, மானையா?"

பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

எதிர் மேசையில் கால்நடை மருத்துவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மான் பிடிக்கும்போது நாடி பார்ப்பவர் அவர்தான். "விலாசம் தப்பா ஏறியிருக்கும்யா. எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு?"

"விலாசம்னா எல்லாம் ஒரே புள்ளியில விழணும் டாக்டர். இங்க பாருங்க. ஒண்ணு துவைக்கிற கல்லுகிட்ட. ஒண்ணு பின்வாசல் படியில. மீதி நாலும் பாப்பா ரூம் ஜன்னலுக்குக் கீழ. விடியக்காலம் மூணு மணிக்கு வந்து நிக்குது. நாலு மணிக்குப் போயிடுது. பத்து நாளும்."

நகவெட்டியின் சத்தம் நின்றது.

"அந்தக் கண் மூடுற துணி. அது எங்க வாங்கினது?"

அது ஒரு தனிக் கதை. மானைக் கிடத்தியதும் கண்ணை மூட உறை வேண்டும் என்று அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் கையெழுத்துச் சரியில்லை என்று திரும்பி வந்தது. கடைசியில், வீட்டிலேயே துணி தைக்கும் அவர் மனைவி, பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் பூப்போட்ட கவுன்களை வெட்டி உறை தைத்துக் கொடுத்தாள். அழுக்குக் கூடையிலிருந்து எடுத்த கவுன்கள்.

"துவைக்கக்கூட நேரமில்ல டாக்டர்," என்றார்.

"காலைக் கட்டி, கண்ணை மூடினா, அதுக்கு மிச்சம் இருக்கிறது மூக்கு மட்டும்தான். செத்தோம்னு நெனச்ச அந்த அரை மணி நேரமும் அது உன் பொண்ணு வாசனையத்தான் மோந்துக்கிட்டுக் கிடந்திருக்கு."

"அதுக்காக வீடு தேடி வந்து அளவு சரியில்லன்னு சொல்லுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் குறிப்புல எழுதுவியே, கண் மூடியதும் விலங்கு அமைதியடைந்ததுன்னு. அமைதி இல்லய்யா அது. நாடி பிடிச்சவன் நான். எண்ண முடியாது, அப்படி ஓடும்."

இந்த வருடத்து ஆறு மான்களுக்கு அதே உறைகளைக் கட்டிப் பட்டை மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பார்க்கக் கூடாத பத்து நாளில் இருந்தவை. பட்டைக்காரர் திறந்தார்.

மூன்று நாள் அசைவே இல்லை. இன்று மதியம் பன்னிரண்டுக்கு ஆறும் எழுந்திருந்தன. ஒரு மணிக்கு ஆற்றங்கரை. இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சுவர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு மணிப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. துவைக்கிற கல். பின்வாசல் படி. ஜன்னல். ஜன்னல். ஜன்னல். ஜன்னல்.

வீட்டுக்கு அடித்தார். தையல் மெஷினில் நூல் மாற்றிக்கொண்டே மனைவி பேசினாள்.

"பாப்பா எங்க?"

"பின்னாடி விளையாடுறா. ஏன் மூச்சு வாங்குது, அதிசயமா படியேறினீங்களா?"

"உள்ள கூப்பிடு அவளை. மான் வந்திருக்கு."

"வரட்டுமே. எத்தனை நாள் நீங்களே தேடிப் போவீங்க." சிரித்தாள். "இப்பதான் ஒருவழியா சத்தமில்லாம இருக்கா. கண்ணைக் கட்டிக்கிட்டு மான் விளையாட்டு. ரொம்ப அமைதியா—"

போன் அணைந்தது. பன்னிரண்டு மானின் பேட்டரியை வேளாவேளைக்குக் கவனிக்கிற மனிதர், தன் போனுக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சார்ஜ் போட்டதில்லை. டாக்டரின் போனை வாங்கி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மெஷின் ஓடினால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

வண்டியின் முன்பக்கத்தில் பட்டைகளின் ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவி இருந்தது. சந்தை முனையில் ஒரு லாரி பின்னால் போகிறேன், முன்னால் போகிறேன் என்று தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. அவர் ஹாரனை அழுத்தினார். லாரிக்காரர் டீ குடித்துக்கொண்டே கையைக் காட்டினார், பொறுங்க சார் என்று. கருவி பொறுமையாக இந்த வருடத்துப் பட்டை எண்களைச் சொன்னது. ஏழு, பீப். எட்டு, பீப். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்று, பீப்.

பதின்மூன்றாம் பட்டை மாற்றுக்கு வைத்திருந்தது. அவர் வீட்டு அலமாரியின் உச்சியில், பெட்டிக்குள் கிடந்தது. அதன் மேல் ஒட்டிய காந்தத்தை எடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். மாட்ட இரண்டு போல்ட் முடுக்க வேண்டும். பாப்பாவுக்கு ஆறு வயது. நாற்காலி போட்டாலும் அந்த உச்சி எட்டாது.

வீட்டு வாசல். உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். பயப்படுவதற்கு ஏற்ற வெளிச்சமே இல்லை. ஆனால் பக்கவாட்டுச் சந்தில் அந்த நாற்றம் இருந்தது. ஈர ரோமம். நசுங்கிய இலை. வலைக்குள் விழுந்ததும் மான் உடம்பிலிருந்து கிளம்புமே, அது.

காக்கை இல்லை. நாய் இல்லை.

பின்வாசல் படியில் காந்தம் கிடந்தது. பக்கத்தில் ஸ்பானர். எடுத்தார். கைப்பிடி முழுக்க எச்சில்.

திரும்பினார்.

ஆறு மான்கள். வட்டமாக. மேயவில்லை. காது திருப்பவில்லை. அவர் வந்ததற்கு ஒன்றுகூட மிரளவில்லை.

நடுவே பாப்பா. ஒருக்களித்து. கையும் காலும் ஒன்றாகச் சேர்த்து மடக்கி. கண்ணில் மஞ்சள் பூ.

கழுத்தில் பட்டை.

முட்டி போட்டார். மான்கள் மூன்றடி பின்வாங்கின. சத்தமில்லாமல். காட்டுப் பக்கம் மட்டும் வழி விட்டு. மாட்டி முடித்ததும் அவருடைய ஆட்கள் அப்படித்தான் விலகி நிற்பார்கள்.

பழக்கத்தில் கை தானாகப் போனது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. கூடவும் இல்லை. குறையவும் இல்லை.

விரலுக்கு அடியில் நாடி ஓடியது. எண்ணிப் பார்த்தார். எண்ண முடியவில்லை.

பாப்பா அமைதியாக இருந்தாள்.