நாத்தனார் படிக்காத இரண்டாம் பக்கம்

"ஜீனுடா தம்பி, ஜீனு! இவ ரத்தத்துல இருந்த கோளாறுதான் பிள்ளையோட கிட்னிக்கு வந்திருக்கு! பிள்ளைக்குச் சளி பிடிச்சாலும் இவ ரத்தம்தான்னு அஞ்சு வருஷமா தொண்டை கிழியக் கத்தினேனே, யாராவது கேட்டீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. நாத்தனாரின் குரல் மாடிப்படி ஏறி மேல் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. மேல் வீட்டு டீச்சர் காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாவம், கீழே நடப்பது அவளுக்குத் தெரியவேண்டாமா?

நாத்தனார் கல்யாணம் ஆகாதவள், ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுப்பவள். ஆனால் வீட்டில் உச்சி முதல் பாதம்வரை எல்லாவற்றுக்கும் அவள்தான் டாக்டர். ஆஸ்பத்திரிக் காகிதம் எது வந்தாலும் அவள் படித்துச் சொல்லவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போன் பேசுவதும் அவளே. அவள் ஒப்புக்கொண்டால்தான் அங்கே நோய்கூட நோய்.

மருமகள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அவளுடைய பெட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்றது. மாமியாரே அடுக்கிவைத்தது. ஐந்து வயதுப் பெண் இனி அத்தை பொறுப்பில் வளரும், பெற்றவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று முந்தின நாளே தீர்மானம் ஆகியிருந்தது. கணவன்? வாயில்லாப் பூச்சி. தரையில் என்னவோ விழுந்துவிட்டதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இடது சிறுநீரகத்திலிருந்து குழாய் இறங்கும் இடத்தில் அடைப்பு. போன வருஷம் காய்ச்சல் விடாமல் அடித்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் பாதிச் சிறுநீரகம் வீணாகியிருந்தது. "என் கிட்னியை எடுத்துக்கோங்க டாக்டர்" என்று காலில் விழுந்து கெஞ்சியவள் இந்த மருமகள். வலது பக்கம் நன்றாக இருக்கிறது, தேவைப்படாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எழுந்தாள். அடைப்பை நீக்கிய அன்று ஆராய்ச்சிக்காகப் பிள்ளையின் சிறுநீரகத்திலிருந்து நகக்கண் அளவு சதை கேட்டார்கள். சம்மதித்தாள். முடிவு எனக்கும் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அந்த முடிவுதான் புதன்கிழமை தபாலில் வந்தது. நாலு முறை படித்தாள். பிழையைக் கண்டதும் கூவுவது அவள் தொழிலில் கிடையாது, ஓரத்தில் குறித்துக்கொண்டு காத்திருப்பாள். முதல் பக்கம் மேலே தெரியும்படி கடிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போனாள். நாலு நாள்! என்ன நெஞ்சழுத்தம்!

"என்னத்தைப் படிச்சீங்க அண்ணி? எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவை படிங்களேன்" என்றாள் இப்போது.

"படிக்கிறேன்டி, எனக்கென்ன பயமா? 'சிறுநீரகச் சதையில் பல நூறு ஜீன்களின் செயல்பாடு மாறியிருக்கிறது'... போதுமா?"

"திருப்புங்க."

"எதை?"

"தாளைத்தான். பின்னாடியும் அச்சடிச்சிருக்கு."

நாத்தனார் திருப்பினாள். ஆரம்பித்த வேகத்தில் நாலு வரி ஓடியே விட்டது.

"'நாங்கள் பார்த்தது, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டுமே. வெளியேற வழியில்லாமல் தேங்கிய சிறுநீர் அழுத்தியதால், தழும்பை உண்டாக்கும் ஜீன்கள் மும்முரமாகிவிட்டன, வளர்ச்சிக்கானவை அடங்கிவிட்டன. இந்த மாற்றங்கள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தவை அல்ல. அடைப்பு நெடுநாள் நீடித்ததன் விளைவு'..."

குரல் இறங்கியது.

"ஏன் அண்ணி நிறுத்திட்டீங்க? அடுத்த வரிதான் முக்கியம்."

"கண்ணு சரியாத் தெரியலை..."

"எனக்குத் தெரியும், மனப்பாடம்! 'மருத்துவமனைப் பதிவேட்டின்படி, கருவில் எட்டாம் மாத ஸ்கேனிலேயே வீக்கம் தெரிந்தது. பிறந்து ஒரு மாதத்தில் மறு ஸ்கேனுக்கு நேரம் கொடுக்கப்பட்டது. குழந்தையின் அத்தை போன் செய்து, தேவையில்லை என்று ரத்து செய்தார்.' பிள்ளை பெத்து எழுந்திருக்க முடியாம கிடந்தேன் அண்ணி. ஆஸ்பத்திரிக்காரங்களே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு என்கிட்ட வந்து சொன்னீங்களே... நம்பினேனே!"

மேலே துணி உதறும் சத்தம் நின்றது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்டி... எங்க டாக்டர்கிட்ட வந்த ஒரு அம்மா, அது தானா வடிஞ்சிடும்னு சொன்னாங்க..."

"பல் பிடுங்க வந்தவங்க சொன்னாங்களா?" வாயில்லாப் பூச்சிக்கு வாய் முளைத்தது. "என் பிள்ளை கிட்னியைப் பத்தி? அக்கா!"

மாமியார் ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சிடும்மா... உன் பெட்டியை இந்தக் கையாலயே அடுக்கினேனே!" மருமகளின் கண்ணிலும் நீர் வழிந்தது. ஆனால் கை இரண்டும் தொங்கியபடியே இருந்தன, அணைக்கவில்லை.

"அழாதீங்க அத்தை. அண்ணி, செருப்பைப் போடுங்க. என் ரத்தம் கெட்டதுன்னு எந்தெந்த வீட்டுல சொன்னீங்களோ, அந்தந்த வீட்டுல இந்தப் பக்கத்தைப் படிக்கணும். நானும் கூட வருவேன்."

"இது அநியாயம்டி!"

"அஞ்சு வருஷம் கூசாம சொன்னீங்களே. இப்ப மட்டும் என்னவாம்?"

போனார்கள்! மொத்தம் ஏழு வீடு. முதலில் டீச்சர். அவள் கதவைத் திறந்துவைத்தே காத்திருந்தாள். மூன்றாவது வீட்டில் நாத்தனார் முணுமுணுக்க, "காது கேக்கலைம்மா, மொதல்லேர்ந்து" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு நன்றாகவே காது கேட்கும். தையற்கடையில் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் மருமகள் நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வரி விட்டாலும், "அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அண்ணி."

கொஞ்சம் அதிகப்படிதான் என்று தெருவில் பாதிப்பேர் சொன்னார்கள். அவர்களும் பின்னாலேயே வந்தார்கள், ஒரு வீட்டைத் தவறவிடவில்லை.

வருஷம் முடிவதற்குள் மருமகளும் கணவனும் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனார்கள். மாமியாரும் கூடவே போனாள், கூப்பிடாமலே. நாத்தனார், மனைவியை இழந்த ஒரு மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பினாள். வழியனுப்பப் பெண்ணும் வந்திருந்தது, அத்தையின் கழுத்தைக் கட்டி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தது. அத்தை செய்ததைப் பற்றி அதனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மா சொல்லப்போவதும் இல்லையாம். அந்த வேலையைப் பழைய தெரு பார்த்துக்கொள்ளும்.