மூன்று நாள் காயாத கூடாரம்

மூன்று நாளாகக் காய்கிறது, இன்னும் ஈரம் போகவில்லை. தகனினி புறநகர் வீட்டின் கராஜில் ஈரம் உறிஞ்சும் மெஷின் பகலும் இரவும் ஓடியும் அதன் தொட்டியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. கூடாரத்தின் அடித்துணியோ அப்போதுதான் ஆற்றிலிருந்து எடுத்ததுபோல் சரத்தின் உள்ளங்கையில் சில்லென்று ஒட்டியது. பூஞ்சை நாற்றம் என்றால் வினிகர் போதும். இது வேறு: அழுகிய இலை, நனைந்த கம்பளி, அதற்கடியில் யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்து விட்ட மூச்சு.

"என்ன, அதுக்குப் பூஜை போடுறியா?" படுக்கைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் மனைவி சிந்து வந்தாள். "விடிஞ்சா ஹுனுவா மலை ஏறணும்."

"இது வேணாம் சிந்து. வேற வாங்கலாம்."

"பாதி விலைக்கு அடிச்சேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டது யாரு?"

அவன்தான். மதுரையில் ஜவுளிக்கடைக் கல்லாவுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன். கேட்டவுடன் விலை இறங்குகிறவன் சரக்கை விற்கவில்லை, தள்ளிவிடுகிறான் என்று அறிந்தவன். ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கூடாரம் விற்ற கிழவர் பாதிக்கு உடனே தலையாட்டியபோதே நடையைக் கட்டியிருக்க வேண்டும். பரம்பரை வாய், சும்மா இருக்குமா? கொசுறாக என்ன தருவீர்கள் என்று கேட்டுவைத்தான். கிழவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீயாகத்தானே கேட்கிறாய்?" ஆமாம் என்று சிரித்தான். "உள்ளேயே இருக்கிறது," என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. வீட்டில் உதறிப் பார்த்ததில் முளைகளும் கயிறும்தான் விழுந்தன.

மலையில் ஒழுகுவதைவிட இங்கேயே ஒழுகித் தொலையட்டும் என்பது சிந்துவின் கட்சி. டார்ச்சோடு, கராஜிலேயே நிறுத்தியிருந்த கூடாரத்துக்குள் போய்ப் படுத்து ஜிப்பை மூடிக்கொண்டாள். ஜூன் மாதம், பூமியின் இந்தத் தென்கோடியில் நடுக்குளிர்காலம்; ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. தெற்கிலிருந்து வந்த பனிக்காற்று கராஜ் கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும் என்று சரத் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, ரப்பர் குழாயைத் திருப்பித் தையல் தையலாகத் தண்ணீர் அடித்தான்.

"இந்தப் பக்கம்?"

"ஒழுகலை."

"தலைமாட்டுல?"

"சொட்டு இல்ல. உன் பேரம் பிழைச்சுது, போ."

பின்பக்கம் வந்தான். துணி உள்ளிருந்து மெல்லப் புடைத்தது. ஐந்து விரல்கள்.

"கையை எடு சிந்து. நனைஞ்ச துணியைத் தொட்டா ஒழுகும்."

"நான் எங்க தொட்டேன்? ரெண்டு கையும் பைக்குள்ள இருக்கு." குரல் முன்பக்கத்திலிருந்து, ஜிப் ஓரத்திலிருந்து வந்தது.

விரல்கள் துணியைத் தடவிக்கொண்டே கீழே இறங்கின. அவள் இருந்த பக்கம் நகர்ந்தன.

குழாய் அவன் கையிலிருந்து நழுவியது.

"வெளிய வா."

"இரு. இவ்ளோ நேரம் நடுங்கிட்டு இருந்தேன். இப்பதான் கதகதப்பா இருக்கு."

மலையேற்றப் பயிற்சியில் சொன்னார்கள்: குளிர் உயிரைத் தொடும்போதுதான் உடம்பு கதகதப்பென்று பொய் சொல்லும்.

"சிந்து, வெளிய வா!"

பதில் தாமதமாக வந்தது, தூக்கக் கலக்கத்தில். "எதுக்கு சரத் கத்துற? பக்கத்துலதானே படுத்திருக்க."

டார்ச் அணைந்தது.

ஓடினான். ஈரத்தில் வழுக்கினான். முழங்கால். எழுந்தான். ஜிப் வரவில்லை. உள்ளிருந்து ஏதோ இழுத்துப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தான். ஒரு முழம் திறந்தது. கைபேசி வெளிச்சம்.

படுக்கைப் பை இரண்டு ஆள் அளவுக்குப் பருத்திருந்தது. சிந்து கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். கன்னத்துக்கு அடியில் தலையணையாக ஒரு கை. அவளுடையதல்ல.

"காத்து வருது," என்றாள். சரத்திடமல்ல.

பைக்குள்ளிருந்து இன்னொரு கை, நெடுநாள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியது, அவசரமில்லாமல் நீண்டு வந்து ஜிப்பைப் பிடித்தது. பல் பல்லாக மூடியது.