அறுநூறு மீட்டரில் இருபத்தொன்பது டிகிரி

முந்நூறு மீட்டரில் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியிருந்த வெப்பக் கோடு, அங்கே கொஞ்சம் தயங்கிவிட்டு, மறுபடியும் ஏறத் தொடங்கியது.

ஆழம் போகப் போகக் கடல் குளிர வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குப் போகும் பயணிகள் கப்பலின் பின்தளத்தை ஒட்டிய அறையில், டீசல் வாடையும் சமையலறைப் பருப்பு வாசனையும் சேர்ந்து குமட்ட, மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்த கடல் ஆய்வாளர் வைஜெயந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே கப்பல் ஊழியர் ராக்கப்பன் ரெயிலிங்கில் சாய்ந்து, துப்பாக்கி போலிருந்த லாஞ்சரைப் பிடித்திருந்தார். அதிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பி கடலுக்குள் ஓடியது. அதன் நுனியில் வெப்பத்தை அளக்கும் ப்ரோப். போட்டால் போட்டதுதான், திரும்ப எடுப்பதில்லை.

"மேடம், கம்பி லூசாயிடுச்சு. அறுத்துடவா? போதும்."

"இருங்கண்ணே. இதான் கடைசி ப்ரோப். ரீடிங் முடியட்டும்."

ஐந்நூறு மீட்டர். இருபத்து நான்கு டிகிரி.

அந்தப் பாழாய்ப்போன ப்ரோப்புக்கு ஆழம் தெரியாது. தண்ணீரில் விழுந்ததிலிருந்து விநாடிகளை எண்ணி, இந்நேரம் இவ்வளவு தூரம் இறங்கியிருக்கும் என்று கணினிதான் கணக்குப் போடுகிறது. இறங்கிக்கொண்டே இருந்தால்தான் அது சரி. திரையில், இறங்கிய வளைவே அச்சு அசலாகத் திரும்பி ஏறியிருந்தது.

ப்ரோப் மேலே வருகிறது. எதுவோ அதைக் கொண்டுவருகிறது.

அறுநூறு. இருபத்தொன்பது. கடலின் மேல்மட்டச் சூடு.

"அறுங்கண்ணே! ஜல்தி! அறுத்துடுங்க!"

ராக்கப்பன் எப்போதும் செய்வதுபோலக் கம்பியை விரல்களில் சுற்றி வெடுக்கென்று இழுத்தார். கம்பி அறவில்லை. விரல்கள் அறுந்தன. ஜன்னல் முழுக்க ரத்தம். அவர் அலறினார். ரெயிலிங்கில் தாடை மோதி உடைந்தது. கால்கள் மேலே போயின. ஆள் இல்லை.

நான்தானே இருக்கச் சொன்னேன். நான்தானே.

திரையில் முப்பத்தேழு. உடம்புச் சூடு.

அழுதுகொண்டே வெளியே ஓடினாள். தளத்தில் நான்கு விரல்கள். பக்கத்தில் லாஞ்சர். கம்பி கடலுக்குள் போகவில்லை. மேலே போனது.

நிமிர்ந்தாள்.

மேல்தளத்தின் விளிம்பிலிருந்து ராக்கப்பன் தலைகீழாகத் தொங்கினார். அவர் கால்களை எதுவோ பிடித்திருந்தது. உயிர் இருந்தது. கண்கள் அவளையே பார்த்தன. தொங்கிய தாடைக்கு நடுவே கம்பி முழம் முழமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் அழுதுகொண்டே விழுங்கினார்.