சிவப்பு மையில் முப்பத்தெட்டு கேள்விகள்

"யாரு... யாரு என் பேப்பர்ல இப்படி கிறுக்கி வச்சது?"

ஹேமலதா போட்ட சத்தத்தில் கமலம் அக்காவின் ஜெராக்ஸ் கடையே ஒரு நிமிஷம் கப்சிப். வெளியே ஐப்பசி மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையில் முப்பத்தெட்டு கேள்விகள் உள்ள தாள்கட்டு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை!

"கோச்சுக்காத ஹேமா. நேத்து கரண்ட் போன அவசரத்துல உன் கட்டை இந்த சாருக்கும், அவரு கட்டை உனக்கும் மாத்தி குடுத்துட்டேன். பாவம், அவரே மழையில நனைஞ்சிகினு கொண்ணாந்துட்டாரு" என்றாள் கமலம் அக்கா.

இந்த சாரா? அப்போதுதான் பார்த்தாள். கதவோரம் குடையை மடக்கிக்கொண்டு ஒருத்தன் நின்றான். நெற்றியில் ஈர முடி. சட்டைப் பையில் ஒரு சிவப்பு பேனா. கண்கள் இருக்கிறதே... அப்பப்பா, திட்டு வாங்கும்போதுகூட சிரித்துக்கொண்டிருந்தன. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"மன்னிச்சிடுங்க. பேரு ஜெயச்சந்திரன். தேவிகாபுரத்துல இங்கிலீஷ் வாத்தியார். தாளைப் பாத்தா கை தன்னால ஓடுது... இன்னா பண்றது?"

"ஓ! வாத்தியாரா? உங்க ஒன்பதாங்கிளாஸ் கேள்வித்தாள் என்கிட்டதான் மாட்டிச்சு சார். ஏழாவது கேள்வியைப் பாருங்க. நாலு விடை குடுத்திருக்கீங்க. நாலுமே தப்பு! பசங்க எதைத்தான் எழுதும்?"

அவன் வாங்கிப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "ஐயையோ... ஆமாங்க. திங்கக்கிழமை பரீட்சை. மானத்தைக் காப்பாத்துனீங்க. பாத்ததும் தெரிஞ்சிதா?"

தெரியாமல் பின்னே? சுப்பராயலு பட்டுக்கடையில் மூன்று வருஷமாக முள்ளிப்பட்டு கிராமத்துத் தறிகளிலிருந்து வரும் சேலைகளைப் பிரித்துப் பார்த்து எடுப்பது அவர் மகள் ஹேமலதாதான். ஒரே ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் விரலை வைத்துக் காட்டிவிடுவாள். நெசவாளர்கள் அவளுக்குத் தெரியாமல் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு அமெரிக்கா போய் எம்.பி.ஏ. படிக்க ஆசை. அதற்கு ஜிமேட் என்றொரு பரீட்சை எழுத வேண்டும். சென்னையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருகிற வியாழக்கிழமை. "ஒரே ஒரு தடவைதான்மா. எண்ணூத்துக்கு எழுநூறு வாங்கினா அமெரிக்கா. வாங்கலன்னா காஞ்சிபுரத்து மாப்பிள்ளை. அப்புறம் பேச்சே கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. காலை வாரிவிட்டதெல்லாம் இங்கிலீஷ் வாக்கியம் திருத்துகிற கேள்விகள்தான். நீளமாக ஒரு வாக்கியம் இருக்கும், அதில் ஒரு துண்டுக்குக் கீழே கோடு போட்டிருக்கும். அந்தத் துண்டை எப்படி எழுதினால் சரி என்று ஐந்து விடைகள். தூக்கத்தில்கூட அந்த ஐந்தும் வந்து அவளை மிரட்டின.

"ஒன்னு சொல்லட்டுங்களா? முப்பத்தெட்டுல ஒன்னுத்துக்குக்கூட நீங்க முதல் விடையைப் போடல" என்றான் ஜெயச்சந்திரன்.

"முதல் விடைன்னா இருக்கறபடியே விட்டுடறது. தப்பே இல்லாத வாக்கியத்தை எதுக்கு சார் கேள்வியா கேப்பாங்க?"

"அதையும் சேத்துத்தாங்க கேக்கறான்! இதுல எட்டு வாக்கியம் சுத்தமா இருக்குது. எட்டையும் போய் கெடுத்து வச்சிருக்கீங்க. எதைப் பாத்தாலும் குறை தேடற கண்ணுங்க உங்களுக்கு..."

சுருக்கென்றது அவளுக்கு. தாள்கட்டைப் பிடுங்கிக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல் விறுவிறுவென்று மழையில் இறங்கிப் போய்விட்டாள். திமிரைப் பாரு... பெரிய இவன்!

வீட்டில் தலையைத் துவட்டிக்கொண்டே கட்டைப் பிரித்தாள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் பத்தொன்பதாவது கேள்வியின் ஓரத்தில் சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான்: 'இதைத் தொடாதீங்க. எவ்ளோ அழகா நிக்குது பாருங்க.'

வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை வருஷா வருஷம் பறந்துபோய்த் திரும்புகிற ஒரு சின்னப் பறவையைப் பற்றிய வாக்கியம் அது. ஐந்து வரி நீளம். ஹேமலதா வாய்விட்டுப் படித்தாள். மறுபடி படித்தாள். எங்கேயாவது இடிக்கும் என்று காத்திருந்தாள்... இடிக்கவே இல்லை! எந்தச் சொல்லும் தன் சொந்தக்காரனை விட்டு விலகவில்லை. அந்தச் சின்னப் பறவையோடு இவளும் கடல் கடலாகத் தாண்டிப் போய் முற்றுப்புள்ளியில் இறங்கினாள். கையெல்லாம் புல்லரித்துப்போயிற்று. கடவுளே... ஒரு மனுஷன் இப்படிக்கூட எழுத முடியுமா? இவ்வளவு நாள் இதைப் போய் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோமே!

எழுதினவன் யாரோ. ஆனால் இதைப் பார்த்தவுடனே தொடாதே என்று சொன்னானே ஒருத்தன்... அவன் கண்ணுக்கு என்ன கொடுத்தாலும் தகும்!

மறுநாள் சாயங்காலம் ஜெராக்ஸ் கடை வாசலில் போய் நின்றாள். திருத்தின கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்க வந்து அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பத்தொன்பது சரி. இருபத்திரண்டு எப்படின்னு சொல்லுங்க" என்றாள். அவனும் ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"'சாப்பிட்டு முடிச்சு பஸ் கிளம்ப மணி மூணாயிடுச்சு'ன்னு நாம சொல்லுவோம். யாரும் சிரிக்க மாட்டாங்க. இதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க. சாப்பிட்டது பஸ்ஸுன்னு ஆயிடும்!"

"பஸ்ஸா! இன்னா சார் சாப்பிட்டிருக்கும்?"

"டீசல்தான். வேற இன்னா, பிரியாணியா?"

அவள் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு சாயங்காலம் இப்படியே போயிற்று. அவன் ஒரு வாக்கியத்தை மெதுவாக ஒரு தடவை வாசிப்பான். பாதியில் அவள் கையைத் தூக்குவாள்... "இங்க!" அவன் பேனா அந்தரத்தில் நிற்கும். "எப்படிங்க? நான் ரெண்டு தடவை படிச்சாத்தான் தெரியுது" என்று வாயைப் பிளப்பான். அவன் அப்படிப் பார்க்கும்போது அவளுக்கு மட்டும் இலக்கணமெல்லாம் மறந்துபோகும்.

புதன்கிழமை அவன் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் மூன்று தேவிகாபுரம் பஸ்ஸை எட்டி எட்டிப் பார்த்தாள். கமலம் அக்கா கடைக்கு ஒரு துண்டுச்சீட்டு மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான். 'நல்லா எழுதுங்க.' அவ்வளவுதானா? வரலன்னா போகட்டும்... எனக்கென்ன! கண்ணில் மட்டும் ஏன் தண்ணி முட்டுகிறது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை. திரையில் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இடித்தவற்றைத் திருத்தினாள். இடிக்காதவற்றை இரண்டு தடவை படித்து அப்படியே விட்டாள். கடைசியில் எண் வந்தது. எழுநூற்று இருபது! திரையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் மனசில் வந்தது அமெரிக்கா இல்லை, காஞ்சிபுரம் இல்லை... சிரிக்கிற இரண்டு கண்கள்.

சுப்பராயலு சொன்ன சொல் தவறவில்லை. காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் அவள் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். அவன் அங்கேதான் இருந்தான்.

"ஏன் வரல?"

"மார்க் எவ்ளோங்க?"

"ஏன் வரலன்னு கேட்டேன்!"

அவன் குனிந்துகொண்டான். "கமலம் அக்கா எல்லாம் சொன்னாங்க. நீங்க ஜெயிச்சா அமெரிக்கா. தோத்தா காஞ்சிபுரம். ரெண்டுல எது வந்தாலும் என்னை விட்டுப் போயிடுவீங்க. ஜெயிக்கணும்னுதாங்க வேண்டிகினு இருந்தேன். ஆனா உக்காந்து சொல்லித்தர தைரியம் வரல."

"எழுநூத்தி இருபது" என்றாள் மெல்ல.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தானே ஜெயித்த மாதிரி ஒரு மலர்ச்சி. கண் நிறைந்துவிட்டது. "ஹேமா... ஹேமா! அடேங்கப்பா!" அப்புறம் சட்டென்று ஒரு படி பின்னால் நகர்ந்து கை கூப்பினான்.

"போயிட்டு வாங்க."

ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனாலும் அவள் அதை மனசுக்குள் இன்னொரு தடவை வாசித்தாள்.

"சார்... இந்த வாக்கியத்துல வினைமுற்று எது? போறதா? வர்றதா?"

அவன் நிமிர்ந்தான். மழை பெய்துகொண்டே இருந்தது.

"வர்றதுதாங்க" என்றான். "போறது வெறும் எச்சம். அது தனியா நிக்காது."

"வழக்கத்துக்குச் சொன்னீங்களா... தெரிஞ்சு சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். ரெண்டு வருஷம் ஆனாலும் சரி, இன்னும் கூட ஆனாலும் சரி... வாங்க. உங்களை எனக்கு அவ்ளோ புடிச்சிருக்குங்க. இங்கியேதான் இருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவ்வளவு சின்ன வாக்கியத்துக்குள் இவ்வளவு பெரிய விஷயத்தை யார் கொண்டுவந்து வைத்தது என்று மலைத்துப்போய் நின்றாள்.

"எனக்கும்தான் புடிச்சிருக்கு... ரொம்ப. எங்கப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்." குடையைக் கையில் எடுத்தாள். "அப்ப... நான் வரேங்க."

சொன்னாளே தவிர, அந்த இடத்தை விட்டு அவள் அசையவே இல்லை.