முடக்கில் நின்றவன்

பிடரி வலித்தது. காலையிலிருந்து ஈரமண் சுமந்த வலி. சும்மாடு நழுவி நழுவிக் கூடையின் விளிம்பு உச்சந்தலையில் வளையமாகப் பதிந்திருந்தது. கழுத்து நரம்புகள் முறுக்கிய கயிறாக இறுகிக் கிடந்தன. சங்கிலியம்மாள் அடுப்புக்கு முன்னால் குத்தவைத்துச் சோளக்களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் இருக்கிற உப்புச் சட்டியைப் பார்க்க உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. வெளியே ஐப்பசி மழை விட்டும் விடாமலும் நசநசத்துக்கொண்டிருந்தது. பர்மா அரிசி வரத்து நின்றுபோன காலம். களியாவது கிடைக்கிறதே என்று இருந்தாள்.

களியை உருட்டி வட்டிலில் வைத்து, மிளகாயையும் கிள்ளி வைத்துவிட்டு, புருசனைக் கூப்பிட்டாள்.

"இங்கேருங்க. வாங்க, சாப்பிடலாம்."

புழக்கடையில் யாரோ கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

தொட்டியில் செம்பை முக்கி மொண்டு, ஒரு காலின்மேல் மறுகாலை வைத்துத் தேய்த்து, குதிகால் வெடிப்பில் ஏறிய சேற்றை அவசரமில்லாமல் உரசி எடுக்கிற சத்தம். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த ஆள், சோற்றுக்கு உட்காரும் முன் கழுவுகிற கழுவல். அவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எழுந்து போயிருக்கிறார் என்றுதான் நினைத்தாள். அப்புறம் உள்ளே கயிற்றுக்கட்டில் முனகியது. பேச்சிமுத்து அதில்தான் கிடந்தான்.

அவன் எங்கே எழுந்திருக்க? ஒரு வருசத்துக்கு மேல் மலை எஸ்டேட்டில் கூலிக்குக் கிடந்துவிட்டு, இந்த மாதப் பிறப்பில்தான் வந்திருந்தான். வந்தான் என்பதுகூடச் சரியில்லை. கம்பளியில் கட்டித் தூக்கிவந்து போட்டுவிட்டுப் போனார்கள். மலைக்காய்ச்சல் வயிற்றைக் கல்லாக்கியிருந்தது. கால்கள் இரண்டும் வீங்கித் தரையில் ஊன்ற முடியாமல் கிடந்தன. அவன் இல்லாத நாளெல்லாம் அவள் தனக்கு மட்டும் பொங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்தாள். சாப்பிட வாங்க என்று கூப்பிட அந்த வீட்டில் ஆளில்லை.

சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். யாருமில்லை. செம்பு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கால் கழுவுகிற கல்லில் சேறு. தெருச்சேறு செம்மண், இது சாம்பல் நிறத்தில், விரலில் தொட்டால் வழவழவென்று ஒட்டுகிற களிமண். ஓடைக்கரை அடைக்கிற மண்.

"யாரு வந்தது?" என்றான் பேச்சிமுத்து.

"யாருமில்ல. பூனை."

"மலையில நான் இல்லாதப்ப இங்கன பூனையெல்லாம் காலு கழுவப் பழகிருச்சாக்கும்" என்று சிரிக்கப்போனவனுக்கு இருமல் வந்துவிட்டது.

அவள் அந்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். போகவில்லை. துடைப்பத்தால் தேய்த்தாள்.

மறுநாள் ஓடைக்கரை முடக்கில் மண் சுமக்கும்போது பக்கத்து வீட்டு மூக்கம்மாள் கேட்டாள்: "என்னடி, புருசன் வந்ததுலயிருந்து கழுத்தே திரும்ப மாட்டேங்குது? அம்புட்டுப் பெருமையா?"

சங்கிலியம்மாளின் கண் கரையில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஈச்சனோடை பெரிய ஓடை ஒன்றுமில்லை. மேற்கே மலையடியில் பிறந்து, கோடையில் ஆட்டுக்குட்டி தாண்டுகிற அகலத்தில் வெறும் மணலாகக் கிடந்து, தேனிச் சந்தைக்குப் பின்னால் வந்து ஆற்றில் விழும். முன்பு அது நேராகத்தான் ஓடியது. பஞ்சுக்கிடங்குகள் எழும்பிய காலத்தில் முதலாளிமார் சேர்ந்து அதன் கழுத்தைப் பிடித்துத் தெற்கே திருப்பிவிட்டார்கள். திருப்பிய இடத்துக்கு முடக்கு என்று பேர். அங்கே குறுக்கே மண்கரை. கரைக்கு இந்தப் பக்கம் காய்ந்துபோன பழைய படுகையில் கூலிச்சனங்கள் குடிசை போட்டுக்கொண்டார்கள், அதுதான் பள்ளத்தெரு. வெள்ளம் வந்தால் ஓடைக்குப் புது வழி போதாது. பழைய வழியைத்தான் முட்டும். முடக்கு உடைந்தால் தண்ணீர் நுழைகிற முதல் வீடு சங்கிலியம்மாள் வீடு.

உடைப்பு எடுத்துவிட்டால் மண் போட்டு நிற்காது. போடப் போட இழுத்துக்கொண்டு போகும். அதனால் பள்ளத்தெருவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆண் வந்து உடைப்பில் இறங்க வேண்டும். முழங்கைக்குள் முழங்கை கோத்து, முதுகை வெள்ளத்துக்குக் கொடுத்துச் சுவராக நிற்க வேண்டும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தழைக்கட்டும் களிமண்ணும் கொட்டிக் கரையை ஏற்றுவார்கள். தண்ணீர் மட்டுப்பட்டதும் அந்தந்த வீட்டார் கரையில் நின்று தங்கள் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகொடுத்துத் தூக்குவார்கள். பேர் கேட்காமல் யாரும் கைப்பூட்டை அவிழ்க்கக்கூடாது. ஒருவன் தன் இஷ்டத்துக்குக் கழன்றால் அத்தனை பேரும் போவார்கள். புருசன் பேரைச் சொல்லாத பெண்டுகளுக்காகப் பக்கத்தில் நிற்கிற யாராவது அந்தப் பேரைச் சத்தமிட்டுச் சொல்வார்கள்.

போன ஐப்பசியில் உடைப்பெடுத்தபோது பேச்சிமுத்து மலையில் இருந்தான். ஆள் வராத வீட்டைத் தெருவைவிட்டுத் தள்ளிவைப்பார்கள். சங்கிலியம்மாள் பதறிக்கொண்டு நின்றபோது, சந்தைப் பக்கமிருந்து ஒருவன் நனைந்துகொண்டு வந்து, "ஆத்தா, பசிக்குது" என்றான். கிழக்குச் சீமையிலிருந்து வேலை தேடி வந்தவன் போலிருந்தது. நெஞ்செலும்பு எண்ணும்படி தெரிந்தாலும் தோள் அகலமாக இருந்தது. அவள் அந்தத் தோளைத்தான் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளா ஒரு பொழுது நில்லுங்கண்ணே. கரை நின்னதும் நானே கூப்பிடுறேன். வந்து வயிறாரச் சாப்பிடுங்க."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான்.

கரை ஏறியது. பேர்கள் எழுந்தன. ஒவ்வொருவனாக ஏறி வந்தான். சங்கிலியம்மாள் வாயைத் திறந்தாள். வாயில் பேர் இல்லை. அவள் கேட்கவே இல்லை. "அண்ணே" என்றாள். அங்கே நின்றவர்களெல்லாம் யாருக்காவது அண்ணன்தான். மழை இரைச்சலில் அவன் முகம் இங்கும் அங்கும் திரும்பியது. தன் பேர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றான். மேல்மண் சரிந்தது. தழையும் களிமண்ணும் ஒன்றாக இறங்கி அவன் நின்ற இடத்தை மூடின. தண்ணீர் நின்றுவிட்டது. தெரு முழுக்கச் சந்தோஷத்தில் கத்தியது.

கோடையில் அந்தக் கரைக்குக் கல் பாவினார்கள். அவளும்தான் சுமந்தாள்.

மூக்கம்மாள் கேலி செய்த அன்று பொழுது சாய்ந்ததும், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய கையோடு, வாய்ப் பழக்கத்தில், "இங்கேருங்க, வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

தொட்டியில் செம்பு முங்கியது. கால் கழுவி முடித்து, ஈரக்கால்கள் புழக்கடை மண்ணில் சதக் சதக்கென்று பதிந்து வந்து, பின்வாசல் படலுக்கு வெளியே நின்றன. வேட்டியைப் பிழிகிற சத்தம். முழங்கால் சொடுக்கியது. யாரோ சுவரில் முதுகு சாய்த்து, உஸ்ஸென்று மூச்சை விட்டு உட்கார்ந்தார்கள். படல் இடுக்கு வழியே வாடை வந்தது. நாள்பட்ட களிமண்ணும், உள்ளேயே அழுகிய வேப்பந்தழையும் கலந்த வாடை. அவள் அசையவில்லை. அடுப்பு அணைந்தது. ஊதிப் பற்றவைக்கவில்லை.

விடிந்ததும் பார்த்தாள். மண்சுவரில் வெளிப்பக்கம் ஈரமாக ஒரு முதுகின் தடம். அகலமான தோள்.

உச்சிப்பொழுதில் வானம் அடுப்புக்கரியாக இறங்கியது. கரைமேஸ்திரி கருத்தக்கண்ணன் சாக்கை மடித்துத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மலையில பேய்மழை. ஓடை திரண்டு வருது. உங்க வீட்டு ஆளு வரணும்."

"அவுக எந்திரிக்க முடியாம கெடக்காகளே அண்ணே."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். போகவில்லை.

"முடக்குல ஒரு குழி விழுந்திருக்கு, சங்கிலி. மேல இருந்து சரியல. கல்லு ரெண்டா பிரிஞ்சு கெடக்கு. நின்ன ஆளு நடந்து போயிட்டா அவன் நின்ன இடம் மட்டும் இருக்குமில்ல, அது கணக்கா இருக்கு."

"அண்ணே, போன வருசம் எங்க வீட்டுக்கு நின்னவரு..."

"அவன் ஊருக்குப் போயிட்டான்."

"போகலண்ணே. நான் பேர் சொல்லிக் கூப்பிடல. எனக்குத் தெரியாது."

சாக்கின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் மேஸ்திரி. "அவன் ஏறி வரலைனு அன்னைக்கே தெரியும். கரை நின்னுச்சு. அதைத் தோண்டச் சொல்றியா? வாயை மூடிக்கிட்டு இவனைச் சந்தை மேட்டுக்குத் தூக்கிட்டுப் போ."

"தூக்க ஆளு தாங்கண்ணே."

"எல்லாரும் கரையில நிக்கிறாக. யாரை விட?"

அவர் போய்விட்டார். சங்கிலியம்மாள் புருசனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வீங்கிய உடம்பு நனைந்த பஞ்சுப்பொதியாகக் கனத்தது. அவன் வலியில் அலறினான். கட்டிலிலிருந்து பாய்க்கு இறக்க முடிந்தது. பாயிலிருந்து சுவருக்கு இழுக்க முடிந்தது. அதற்குமேல் பிடரியில் ஏதோ தெறித்து, கண் இருண்டது. கத்திப் பார்த்தாள். தெருவில் கிழவிகளும் ஆடுகளும்கூட இல்லை; எல்லாம் மேட்டுக்குப் போயிருந்தன.

ஒன்று மட்டும் தன் கையில் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. கூப்பிடக்கூடாது. கூப்பிட்டதால்தான் அவன் கரையைவிட்டு வருகிறான். கூப்பிடாவிட்டால் திரும்பிப் போய் நிற்பான்.

பானையில் கடைசியாகக் கிடந்த சோளமாவைக் கூழாகக் காய்ச்சினாள். தனக்கென்று எடுக்கவில்லை. புருசன் முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், வாய் வாயாக ஊட்டினாள். அவன் குழந்தை மாதிரி குடித்தான். சட்டி காலியாயிற்று. வெறும் வட்டில் அவன் பக்கத்தில் கிடந்தது.

மழை நின்றது. தவளைச் சத்தம் நின்றது. தூரத்தில் ஓடையின் இரைச்சல் இருந்தது. அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் அடங்கியது.

தொட்டியில் செம்பு முங்கியது.

நான் கூப்பிடவில்லை. அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கூப்பிடவில்லை.

கால் கழுவி முடிந்தது. சதக். சதக். படலுக்கு வெளியே நின்றது. இந்த முறை உட்காரவில்லை. படல் விலகியது. அவள் முதுகுக்குப் பின்னால் குளிர் வந்தது. வாடை வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாசலில் நிற்கிறது. காத்திருக்கிறது.

பேச்சிமுத்துவின் கண்கள் அவள் தோளுக்கு மேலே போயின. காய்ச்சலில் பளபளத்த கண்கள். முகத்தில் மெல்ல ஒரு மரியாதை வந்தது. வீடு தேடி வந்தவனைப் பார்த்த வீட்டுக்காரனின் முகம்.

அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

அவன் உதடுகள் அவள் உள்ளங்கைக்குள் அசைந்தன. பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். அவன் தலையை உதறினான்.

"விடுடி. பசியோட வந்திருக்காக, வாசல்லயே நிக்க வைக்கிறியே." பிறகு வாசலைப் பார்த்து, கனிவாக: "ஏன் அங்கனயே நிக்கிறீக? வாங்க. உள்ள வாங்க. சாப்பிடலாம்."

முடக்குப் பக்கம் ஓங்கி ஒரு சத்தம். ஆட்கள் கத்துவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அது உள்ளே வந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, வட்டிலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தது. அப்போதுதான் பார்த்தாள். கண்குழிகளில் களிமண். பற்களுக்கிடையில் தழை. முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் மடங்கி விறைத்திருந்தன. இரண்டு பக்கமும் யாரோ இன்னும் கோத்துக்கொண்டு நிற்பதைப்போல. யாருமில்லாத பூட்டு.

அதன் பின்னால் வாசல் வழியே தண்ணீர் வந்தது. முதலில் ஒரு நாக்கு அளவு. பிறகு வாசல் அகலம். கிடங்குப் பஞ்சு மிதந்து வந்தது. பாய் நனைந்தது. பேச்சிமுத்து, "என்ன பாத்துக்கிட்டு இருக்க, போடு" என்றான். தண்ணீர் அவன் இடுப்புக்கு ஏறியிருந்தது.

அந்த முகம் நிமிர்ந்து அவளைப் பார்த்தது. கோபமில்லை. பசி மட்டும்.

அவள் சட்டிக்குள் கைவிட்டாள். அடியைச் சுரண்டினாள். நகத்தில் கரிதான் வந்தது. மறுபடியும் சுரண்டினாள். தண்ணீர் அவள் மடியில் ஏறியது. அது காத்திருந்தது. அதற்கு அவள் ஒரு வேளைச் சோறு பாக்கி.