கற்பூரத் தட்டு போன வழி

ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. வெள்ளிக்கிழமை காலை. போன் அலறியது.

"செத்துப்போச்சு சார்... மூணுமே!"

ஊழியர் சொன்னதைக் கேட்டு முதலாளி ராஜப்பனின் முகம் வெளுத்தது.

செத்தது மனிதர்கள் இல்லை, டேட்டாபேஸ் சர்வர் என்ற மூன்று புரோகிராம்கள். எந்த உதிரிபாகம் எந்த லாரியில் போகிறது என்று சொல்வது அவைதான். அவை படுத்தால் ஒரு வண்டி கேட்டைத் தாண்டாது.

ஆபீஸில் விண்டோஸ். ஸ்டோர்ஸில் லினக்ஸ். முதலாளி அறையில் மேக். மூன்று கம்ப்யூட்டர், மூன்று சர்வர். வெள்ளி தவறாமல் மூன்றும் செத்தன. யாரோ திட்டமிட்டுக் கொல்கிறார்கள்...

யார் என்பதில் ராஜப்பனுக்குச் சந்தேகமே இல்லை. கம்ப்யூட்டர் பிரிவு வினிதா! எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேரப்போகிறவள். அவளுடைய ரிலீவிங் லெட்டரை மேஜைக்குள் பூட்டிவிட்டு, போலீசுக்கு போன் போட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரி வந்தார்.

வினிதா அழுதே விட்டாள். கேஸ் என்று ஒன்று விழுந்தால் புது வேலை கனவாகிவிடும்.

"நான் எதுக்குங்க மேடம் கொல்லணும்? மூணையும் ஓட விட்டதே நான்தானே."

எது முதலில் செத்தது என்று மாதேஸ்வரி கேட்டார். ஆபீஸ், அடுத்து ஸ்டோர்ஸ், கடைசியில் முதலாளி அறை என்றாள் வினிதா. போன வாரமும் அதே வரிசைதானாம். முதலாளி உள்ளே வெள்ளிக்கிழமை பூஜை செய்யும் அந்த நேரத்தில் அவள் எப்போதும் கேட்டருகே திருஷ்டிப் பூசணிக்காய்க்குக் குங்குமம் அப்பிக்கொண்டிருப்பாளாம்.

மாதேஸ்வரி காற்றை முகர்ந்தார். கற்பூர வாசனை...

"எல்லாத்தையும் திருப்பி ஓட விடும்மா. சார், நீங்க பூஜையை இன்னொரு தடவை பண்ணுங்க."

"மேடம், பூஜைதான் முடிஞ்சிருச்சே..."

"சாமி கோவிச்சுக்காது. பண்ணுங்க."

ராஜப்பன் தட்டுடன் கிளம்பினார். நிழலாக மாதேஸ்வரி.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். ஆரத்தி காட்டப் போனவர் நின்றார். திரையில் ஒரு கறுப்பு விண்டோ, உள்ளே வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. முகத்தைச் சுளித்து, மவுஸை நகர்த்தி, மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தட்டினார்.

சர்வர் செத்தது!

ஸ்டோர்ஸிலும் அதே கதைதான். மேக் மட்டும் நிஜமாகவே மூடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டது. மூடு என்றார்.

மாதேஸ்வரி அவர் கையைப் பிடித்தார். தட்டோடு.

"ஏன் சார் மூடுனீங்க?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஆரத்தி காட்டுறப்போ எதிர்ல கறுப்பு இருந்தா ஆகுமா மேடம்?"

வினிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கறுப்பு விண்டோதான் சர்வர் ஓடும் இடம். சோதனைக்கு அப்படி ஓடவிட்டவள், சோம்பலில் அப்படியே விட்டுவிட்டாள். விண்டோவை மூடினால் சர்வரும் போய்ச் சேரும்.

அன்று மாலைக்குள் மூன்றையும் பின்னணிக்கு அனுப்பினாள். விண்டோஸில் அதற்கு சர்வீஸ் என்று பெயர், மற்ற இரண்டிலும் டீமன். வேலை ஒன்றுதான். விண்டோ இல்லாமல், கம்ப்யூட்டர் கண் திறந்ததும் தானே எழுந்து சத்தமில்லாமல் ஓடும். லெட்டர் கைக்கு வந்தது. வினிதா புது வேலைக்கு அத்திப்பள்ளி பஸ் ஏறினாள். அப்பாடா!

அடுத்த வெள்ளி. பூஜை முடிந்தது. ஒரு சர்வரும் சாகவில்லை.

ஸ்டேஷனில் போன் அலறியது. ராஜப்பன்!

"மேடம், அந்தப் பொண்ணை உடனே புடிங்க. மூணு சர்வரையும் திருடிட்டுப் போயிட்டா. திரையில ஒண்ணையும் காணோம்!"

"லாரி போகுதா சார்?"

"அது... போகுது. எல்லா வேலையும் நடக்குது. ஆளைத்தான் கண்ணுல காணோம்."

மாதேஸ்வரி நிதானமாக டீயை உறிஞ்சினார்.

"உங்க ஆபீஸ்ல இத்தனை நாளா மத்த ஆளுங்க கண்ணுல பட்டாங்க, வேலையைத்தான் காணோம். அதுக்கு ஏன் சார் கம்ப்ளெயின்ட் குடுக்கல?"