நாற்பத்தொன்றாம் புள்ளி: நேரில் கண்டது

டூகல் ஐந்தரைக்கு எழுந்தான். கெட்டிலைப் போட்டான். இரண்டு துண்டு ரொட்டியைச் சுட்டு, வெஜிமைட் தடவி, நின்றபடியே தின்றான். ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். தண்ணீர், தொப்பி, மண் துளைக்கும் கம்பி, அறுபது வருடங்களுக்கு முன் விமானத்திலிருந்து எடுத்த படத்தின் நகல். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினான். பதினோரு மாதமாக இதே வரிசைதான். இன்று மட்டும் வண்டி மேற்கே திரும்பியது.

காடு அழிவதற்கு முன் எந்த நிலத்தில் எந்த மரம் நின்றது என்று வரைபடம் போடுவது அவன் வேலை. அவன் மனைவி மெரினுக்கும் அதே வேலைதான். மரமே இல்லாத இடத்தில் மண்ணையும் பழைய படத்தையும் வேலியோரம் தப்பிய நாலு செடியையும் வைத்து முடிவு செய்வார்கள். அப்படிப்பட்ட புள்ளிக்கு எதிரே குறிப்பேட்டில் ‘ஊகம்’ என்று எழுத வேண்டும். மரம் இன்னும் நின்றால் ‘நேரில் கண்டது’.

மெரினின் கடைசிப் புள்ளி நாற்பத்தொன்று. வெர்னா ட்விக்கின் கோதுமை வயலுக்கு நட்டநடுவில். சுற்றிலும் நாலு கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது. அந்த நாட்டில் ஜனவரிதான் கோடை; அந்த வெயிலில் அவள் அங்கேதான் இறந்தாள். குறிப்பேட்டில் அந்தப் புள்ளிக்கு எதிரே, கை நடுங்காமல் எழுதியிருந்தாள்: நேரில் கண்டது.

“தப்பா எடுத்துக்காத டூகல்,” என்று நேற்று அலுவலகத்திலிருந்து மேலதிகாரி லீத் பேசினார். “வெயில்ல புத்தி கலங்கி எழுதிட்டா. வெள்ளிக்கிழமை வரைபடம் வெளியே போகுது. ‘ஊகம்’னு நீயே திருத்திடு. இல்லேன்னா நான் திருத்தறேன்.”

திருத்துவது ஒரு சொல்தான். ஆனால் தனியாகப் போகிறவர்கள் நண்பகலில் ரேடியோவில் பேசியே ஆக வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் விதி. அன்று மெரின் அவனிடம் பேசினாள். பேசி நாற்பது நிமிடம் கழித்துத்தான் அவன் அவளைத் தேடிக் கிளம்பினான். அப்போதே அவளுக்குப் புத்தி கலங்கியிருந்ததென்றால், அந்தக் குரலைக் கேட்டும் அவன் சும்மா இருந்திருக்கிறான். திருத்தினால், அதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

வெர்னா கேட்டைத் திறந்து விட்டாள். அறுபது வயது, ஆண் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிண்டல்.

“வாய்யா, இல்லாத மரத்தை எண்றவனே. எங்கப்பா ரெண்டு புல்டோசருக்கு நடுவுல கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்து, மொத்தக் காட்டையும் ஒரே மாசத்துல படுக்க வெச்சாரு. நீங்க என்னடான்னா பேப்பர்ல நட்டுட்டே இருக்கீங்க.”

“நாப்பத்தொண்ணுக்குப் போகணும்.”

அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

“அங்க நான் அறுக்கறப்போ மெஷினை விட்டுக் கீழ இறங்க மாட்டேன்.”

“ஏன்?”

“குளிருது.”

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.

“பன்னெண்டுக்கு ரேடியோவுல பேசு,” என்றாள். “பேசலேன்னா ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டேன்.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது போல, தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டியை விட்டு இறங்கி நடந்தான். அறுத்த கோதுமைத் தாள் காலடியில் நொறுங்கியது. நிலம் அலை அலையாக ஏறி இறங்கியது. எத்தனை முறை உழுதாலும் பிரிகலோ என்னும் வெள்ளியிலை வேலமரக் காட்டு மண் தன் குழிகளை விடாது. கம்பியை இறக்கினான். சாம்பல் நிறக் களிமண். இந்த மண்ணில் நின்றிருக்க வேண்டியது பிரிகலோ, ஊடே சவுக்கு. எல்லாம் சரி. எல்லாம் ஊகம்.

இன்னும் இருபது அடி.

காலடிச் சத்தம் நின்றது.

அவன் நிற்கவில்லை. நடந்துகொண்டுதான் இருந்தான். தாள் நொறுங்கும் சத்தம் மட்டும் இல்லை. பாதத்துக்குக் கீழே மெத்தென்று, ஆழமாக, காய்ந்த சருகு அமுங்கியது. குனிந்து பார்த்தான். கோதுமைத் தாள்தான்.

பிடரியில் வேர்வை சில்லிட்டது. ஈரமான மரப்பட்டையின் வாசனை. தலைக்கு மேலே சவுக்கு இரைந்தது, நீண்ட பெருமூச்சு போல. காற்று இல்லை.

மெரினின் குறிப்பேட்டைத் திறந்தான். வெள்ளைத் தாளில் மெல்லிய இலைகளின் நிழல் அசைந்தது.

நிமிர்ந்தான்.

வெறும் வானம்.

குனிந்தான்.

நிழல்.

“மெரின்?”

மறுபடி கூப்பிட்டான். இரைச்சல் மட்டும் சற்றுக் கிட்டே வந்தது. நெடுநேரம் காத்திருந்தான். அவள் இல்லை. மரங்கள்தான் இருந்தன. எங்கும் இல்லாதவை எல்லாம் இங்கே இருந்தன, அவளைத் தவிர.

கீழே உட்கார்ந்தான். முதுகு எதன் மீதோ சாய்ந்தது. வெடிப்பு விட்ட, சொரசொரப்பான, உறுதியான ஒன்று. கண்ணைச் செருகிக்கொண்டு தூக்கம் வந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் இருப்பது போலிருந்தது.

“டூகல்!” ரேடியோ கரகரத்தது. “மணி பன்னெண்டு ஒண்ணு. உசுரோட இருக்கியா?”

“இருக்கேன்.”

“குரல் ஏன் இப்படி இருக்கு? எங்க இருக்க?”

சொல்ல வாயெடுத்தான். சொன்னால் வெர்னாவும் அவசரப்பட மாட்டாள் என்று தோன்றியது. பல்லைக் கடித்தான்.

“வெர்னா, வா. இப்பவே வா.”

புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவள் வண்டி வருவதற்குள் நிழல்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினான். பிரிகலோ பதினான்கு. சவுக்கு மூன்று. மெரினின் எழுத்துக்குக் கீழே அதையே தானும் எழுதி, கையெழுத்துப் போட்டான். நேரில் கண்டது.

வெர்னா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கியவள் கையை உதறினாள்.

“ஐஸ் மாதிரி இருக்கியேடா. சட்டையில என்ன இது?”

முதுகு நெடுக, நிமிர்ந்த கோடுகளாய், கரிய மரப்பட்டைத் தூள் அப்பியிருந்தது.

அவள் தட்டிவிடவில்லை. தொடவே இல்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, அவனுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியைப் பார்த்தாள்.

“அன்னைக்கு உன் பொண்டாட்டி ரேடியோவுல என்னதான்டா சொன்னா?”

நினைவில்லை என்றுதான் போலீஸிடம் சொல்லியிருந்தான். மெரினின் அம்மாவிடமும் அதையேதான் சொன்னான். இப்போது சொன்னான்.

“‘அவசரப்படாத, டூகல். நான் நிழல்லதான் உக்காந்திருக்கேன்.’”